நிகழ்வுவழி நிரலாக்கம் கற்றல்: தமிழ்ச் சொல்லடைவுச் செயலியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சாளரம், பட்டி, பொத்தான் ஆகியவற்றைக் கொண்ட மேசைக்கணினிச் செயலிகள் நிகழ்வுவழி நிரலாக்க முறையில் எழுதப்படுகின்றன. இம்முறையைக் கற்கத் தொடங்குவோர்க்கு இடர் தருவது, நிரலின் போக்கை நடத்தும் பொறுப்பு கைமாறுவதே ஆகும். பைத்தான் மொழியின் டிகின்டர் கருவித்தொகுதியைக் கொண்டு எழுதப்படும் ஒரு சொல்லடைவுச் செயலியை எடுத்துக்காட்டாக வைத்து, நிகழ்வு மடக்கு, கையாளி, நிலை, விசை நிகழ்வு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பொத்தானை அறிமுகம் செய்வதற்கு முன்பே நிகழ்வு மடக்கைக் கற்பிக்க வேண்டும் என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: நிகழ்வுவழி நிரலாக்கம், நிகழ்வு மடக்கு, கையாளி, டிகின்டர், சொல்லடைவு, தமிழ் 99

1. முன்னுரை

தமிழ் ஆய்வாளர்கள் தம் தேவைக்கேற்பச் சிறு நிரல்களைத் தாமே எழுதிக்கொள்வது இன்று புதிதன்று. ஒரு நூலின் சொற்களை அகர வரிசையில் அடுக்குதல், ஒரு சொல் வரும் இடங்களைத் தொகுத்தல், எழுத்துகளை எண்ணுதல் போன்ற பணிகளுக்குப் பைத்தான் மொழியில் முப்பது நாற்பது வரிகள் போதும். இந்நிரல்கள் பெரும்பாலும் கட்டளைச் சாளரத்தில் இயங்குவன. எழுதியவர்க்கு அது போதுமானது. அதே நிரலை உடன் ஆய்வாளருக்கோ நெறியாளருக்கோ கொடுக்க நேரும்போது, கோப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான், சொல்லை உள்ளிட ஒரு பெட்டி, விடையைக் காட்ட ஒரு பரப்பு என ஒரு சாளரம் வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். கட்டளைச் சாளரத்தில் செம்மையாக ஓடிய அதே வரிகள், பொத்தான் ஒன்றின் பின்னே வைக்கப்பட்டதும் சாளரத்தை உறையச் செய்கின்றன. பயனர் காத்திருந்து சலித்து, இயங்குதளத்தின் வழியாகச் செயலியை வலிந்து முடிக்கிறார். அதுவரை தொகுத்த பதிவுகள் அழிகின்றன. கணக்கிடும் வரிகளில் பிழை ஏதுமில்லை என்பதால், எழுதியவர்க்குக் காரணம் புலப்படுவதில்லை.

2. நிரலின் போக்கு

தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளின் கணினி அறிவியல் பாடம் சி++, பைத்தான் ஆகிய மொழிகளைக் கற்பிக்கிறது. அங்கு மாணவர் எழுதிப் பழகும் நிரல்கள் பெரும்பாலும் ஒரே வடிவின: உள்ளீடு பெறு, கணக்கிடு, வெளியிடு. முதல் வரியில் தொடங்கி இறுதி வரியில் முடிவதால், எப்போது எதைக் கேட்பது என்பதை நிரலே முடிவு செய்கிறது. கோப்பின் பெயரைக் கேட்கும் வரியில் நிரல் நின்றால், பயனர் கோப்பின் பெயரைத் தவிர வேறெதையும் தர இயலாது.

சாளரச் செயலியில் இவ்வுரிமை பயனரிடம் சென்றுவிடுகிறது. அவர் முதலில் பெட்டியில் தட்டச்சு செய்யலாம், பட்டியைத் திறக்கலாம், சாளரத்தின் ஓரத்தை இழுக்கலாம், எதுவும் செய்யாமல் எழுந்து செல்லலாம். சுட்டி நகர்தல், விசை அழுந்தல், காலக்கணிப்பி முடிதல், மறைந்திருந்த பரப்பு வெளிப்பட்டு மீண்டும் வரையப்பட வேண்டியதாதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு. இயங்குதளம் இவற்றை நிகழ்ந்த முறையே ஒரு வரிசையில் சேர்க்கிறது. செயலியின் உள்ளே ஒரு மடக்கு ஓயாமல் இயங்கி, வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறது. அம்மடக்கைத் தமிழில் பின்வருமாறு எழுதிக்காட்டலாம்:

முடிக்கும் நிகழ்வு வரும்வரை திரும்பச் செய்:
வரிசையில் முதலில் நிற்கும் நிகழ்வை எடு. இல்லையெனில் வரும்வரை காத்திரு
அந்நிகழ்வுக்கு உரிய கையாளியைக் கண்டுபிடி
கையாளியை அழை
கையாளி முடிந்து திரும்பும்வரை காத்திரு

நிகழ்வுவழி நிரலாக்கத்தின் அடிப்படை இவ்வளவே. நிரலர் எழுதுபவை கையாளிகள் மட்டுமே; மடக்கு கருவித்தொகுதியினுடையது. டிகின்டரில் அதன் பெயர் மெயின்லூப். அதை அழைக்க மறந்த நிரல் சாளரத்தை உருவாக்கிய வேகத்திலேயே முடிந்து மறைந்துவிடும். நான்காம் வரியைவிட ஐந்தாம் வரியை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் பின்னர் வரும் சிக்கல்களுள் பெரியது அவ்வரியிலிருந்தே பிறக்கிறது.

3. மடக்கு மறைந்த வரலாறு

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1985 இல் விண்டோஸ் முதற்பதிப்பை வெளியிட்டபோது, அதற்குச் செயலி எழுதியோர் சி மொழியில் இம்மடக்கைத் தம் கைப்படவே எழுதினர். கெட்மெசேஜ் என்னும் செயற்கூறு வரிசையிலிருந்து ஒரு செய்தியை எடுத்துத் தரும். டிரான்ஸ்லேட்மெசேஜ் விசையழுத்தத்தை எழுத்துச் செய்தியாக மாற்றித் தரும். டிஸ்பேட்ச்மெசேஜ் அதை உரிய சாளரத்தின் செயற்கூறுக்கு அனுப்பும். வெறும் ஒரு வாழ்த்துத் தொடரைத் திரையில் காட்டவே பல பத்து வரிகள் எழுத வேண்டியிருந்தது. அது சுமையே, எனினும் அதை எழுதியவர் எவரும் மடக்கை அறியாமல் இருந்திருக்க இயலாது. 1992 இல் வந்த விண்டோஸ் 3.1 வரை ஒரு செயலி மடக்குக்குத் திரும்பாமல் நெடுநேரம் கணக்கிட்டால் கணினியில் உள்ள எல்லாச் செயலிகளும் ஒருசேர நின்றுபோகும் என்பதால், அறியாமைக்குத் தண்டனையும் உடனுக்குடன் கிடைத்தது.

1991 இல் வெளிவந்த விஷுவல் பேசிக் இந்நிலையை மாற்றியது. பொத்தானைப் படிவத்தின்மீது வரைந்து இருமுறை சொடுக்கினால், அதன் கையாளிக்கான வெற்றுச் செயற்கூறு திறந்துகொள்ளும்; நடுவே இரண்டு வரிகளை நிரப்பினால் செயலி ஆயிற்று. நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளாத பல்லாயிரவர் சாளரச் செயலி எழுத இதுவே வழிதிறந்தது. ஆனால் மடக்கு முற்றிலும் மறைந்துபோயிற்று. இன்றைய பயிற்சிக் கையேடுகள் பலவும், மொழி எதுவாயினும், விஷுவல் பேசிக் வகுத்த இந்த வரிசையையே பின்பற்றுகின்றன: முதற்பாடம் பொத்தான், இரண்டாம் பாடம் பெட்டி, மூன்றாம் பாடம் கணக்கி. மடக்கு என்ற சொல் எங்கோ இறுதியில் வருகிறது அல்லது வருவதே இல்லை.

4. பெயரை ஒப்படைத்தல்

டிகின்டர், டிகே என்னும் கருவித்தொகுதியைப் பைத்தானிலிருந்து பயன்படுத்த உதவும் இடைமுகம். டிகே, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜான் ஔஸ்டர்ஹௌட் உருவாக்கிய டிசிஎல் மொழியோடு இணைந்து வளர்ந்தது. பைத்தானை நிறுவும்போது டிகின்டரும் பெரும்பாலும் உடன் வருவதால் தொடக்கநிலைக்கு ஏற்றது. பைத்தானின் மூன்றாம் பதிப்பு முதல் செயற்கூறுகளுக்கும் மாறிகளுக்கும் தமிழ் எழுத்துகளிலேயே பெயரிட இயலும் என்பதையும் இங்குக் கருதலாம். ஆகவே சொற்களை எண்ணும் செயற்கூறுக்கு ‘எண்ணு’ என்றே பெயரிடுவோம்.

பொத்தானை உருவாக்கும்போது, அழுத்தினால் எச்செயற்கூறு அழைக்கப்பட வேண்டும் என்பதைக் குறிப்பிட வேண்டும். அங்கு ‘எண்ணு’ என எழுதுவதற்கும் ‘எண்ணு()’ என எழுதுவதற்கும் உள்ள வேறுபாடே மாணவர் சந்திக்கும் முதல் தடை. முன்னது செயற்கூறின் பெயரை ஒப்படைக்கிறது. பின்னது அச்செயற்கூறை அந்நொடியிலேயே இயக்கி, அது திருப்பித் தரும் மதிப்பை ஒப்படைக்கிறது. எதையும் திருப்பித் தராத செயற்கூறாயின் பொத்தானுக்குக் கிடைப்பது வெறுமை. எனவே, சாளரம் தோன்றுவதற்கு முன்பே எண்ணிக்கை நடந்து முடிந்துவிடுகிறது. பின்னர்ப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் நிகழ்வதில்லை. பைத்தான் பிழைச்செய்தி எதையும் காட்டுவதும் இல்லை.

அடைப்புக்குறியை நீக்குக என்று திருத்திக்கொடுப்பது எளிது. ஆனால் திருத்தம் புரிய வேண்டுமாயின், ‘இச்செயற்கூறை நான் அழைக்கப்போவதில்லை, மடக்கு அழைக்கும், அதற்கு நான் தர வேண்டியது பெயர் மட்டுமே’ என்பதை மாணவர் அறிந்திருக்க வேண்டும். இவ்வாறு ஒப்படைக்கப்படும் செயற்கூறை ஆங்கிலத்தில் கால்பேக் என்பர். அதை ‘மீளழைப்பு’ எனச் சொல்லுக்குச் சொல் ஆக்கினால், ஏதோ ஒன்று இரண்டாம் முறை அழைக்கப்படுவதாக மாணவர் மயங்க இடமுண்டு. தொடக்கநிலைப் பாடத்திற்குக் ‘கையாளி’ என்ற சொல்லே போதுமானது, பொருத்தமானதும்கூட.

5. சாளரம் உறைதல்

நம் சொல்லடைவுச் செயலியில் ‘தொகு’ என ஒரு பொத்தான் இருப்பதாகக் கொள்வோம். அதன் கையாளி, தேர்ந்தெடுத்த கோப்புறையில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சொற்களைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் வரும் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. எழுதியவர் முதலில் திருக்குறளைக் கொடுத்துச் சோதிக்கிறார். குறள்கள் 1330, குறளுக்கு 7 சீர் என மொத்தம் 9310 சீர்கள். இன்றைய கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேரப் பணி. விடை உடனே தோன்றுகிறது. செயலி முடிந்துவிட்டதாக அவர் கருதுகிறார்.

பின்னர் வேறொருவர் பல்லாண்டு இதழ்களின் எண்ணுருக் கோப்புகள் சில ஆயிரத்தைக் கொடுக்கிறார். பொத்தான் அழுந்திய நிலையிலேயே நிற்கிறது. சாளரத்தை நகர்த்தினால் அது வெளிறுகிறது. மூடும் குறியை அழுத்தினால் பயனில்லை. மடக்கின் ஐந்தாம் வரியை நினைவுகூர்ந்தால் காரணம் விளங்கும்: கையாளி இன்னும் திரும்பவில்லை, ஆகவே மடக்கு காத்திருக்கிறது, மீண்டும் வரைக என்னும் நிகழ்வும் மூடுக என்னும் நிகழ்வும் வரிசையில் தேங்கி நிற்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி முதலாக, ஏறத்தாழ 5 நொடிகளுக்குமேல் ஒரு சாளரம் செய்திகளை எடுக்காவிடில் அது பதிலளிக்கவில்லை என இயங்குதளம் தலைப்பில் குறித்துவிடுகிறது. உண்மையில் செயலி ஊக்கத்தோடு வேலை செய்துகொண்டிருக்கிறது. கேட்கும் செவிதான் அடைபட்டுள்ளது.

இதைச் சரிசெய்ய முனைவோர் முதலில் செய்வது, கையாளியின் தொடக்கத்தில் ‘பணி நடைபெறுகிறது’ என ஒரு தொடரைத் திரையில் இடுவது. அத்தொடர் தோன்றுவதில்லை. டிகே, மாற்றங்களை உடனே வரையாமல், வேறு நிகழ்வுகள் இல்லாத ஓய்வு வேளையில் வரைகிறது. கையாளி முடியும்வரை அவ்வேளை வாய்ப்பதில்லை. முடிந்தபின் வாய்க்கும்போது அத்தொடரின் இடத்தில் ‘பணி முடிந்தது’ என்பது வந்துவிட்டிருக்கும்.

அடுத்து அவர்கள் கண்டடைவது அப்டேட் என்னும் கட்டளை. விஷுவல் பேசிக்கில் இதற்கு நிகரானது டூஈவென்ட்ஸ். கையாளியின் நடுவே இதை இட்டால், தேங்கிய நிகழ்வுகள் அங்கேயே கையாளப்படும், சாளரம் உயிர்பெறும். இணையத்தில் தேடுவோர்க்கு முதலில் கிடைக்கும் அறிவுரையும் பெரும்பாலும் இதுவே. இதை மாணவர்க்குப் பரிந்துரைக்கலாகாது என்பது என் கருத்து. பொறுமையிழந்த பயனர் ‘தொகு’ பொத்தானை மறுபடி அழுத்தினால், முதல் தொகுப்பு முடியாத நிலையில் அதன் வயிற்றுக்குள்ளேயே இரண்டாம் தொகுப்பு தொடங்கும். இரண்டாவது முடிந்த பின்னரே முதலாவது விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டும் ஒரே பட்டியலில் எழுதினால் ஒவ்வொரு சொல்லும் இருமுறை எண்ணப்படும். சாளரம் உறைந்தால் பயனர்க்குக் குறை தெரியும். எண்ணிக்கை இரட்டித்தால் தெரியாது. ஆய்வேட்டில் அச்சேறும் ஓர் எண் இவ்வாறு பிழைபடுவது, சாளரம் உறைவதைக் காட்டிலும் பன்மடங்கு தீயது.

முறையான தீர்வுகள் இரண்டு. முதலாவது, பணியைத் துண்டாக்குதல். கையாளி ஒரே ஒரு கோப்பை மட்டும் தொகுத்துவிட்டு, ‘10 மில்லிநொடி கழித்து அடுத்த கோப்புக்கு என்னை அழை’ என ஆஃப்டர் என்னும் கட்டளையால் மடக்கிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறது. இடையில் மடக்கு மற்ற நிகழ்வுகளைக் கவனிக்கிறது. எத்தனையாவது கோப்பு என்பதைத் திரையில் காட்டலாம். ‘நிறுத்து’ என்னும் பொத்தானும் வேலை செய்யும். கோப்புகளாகவோ பாடல்களாகவோ இயல்பாகவே பிரிந்துகிடக்கும் தமிழ்த் தரவுகளுக்கு இம்முறை மிகப் பொருந்தும்.

இரண்டாவது, பணியைத் தனி இழையில் இயக்குதல். ஒரே பெரிய கோப்பு, தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து வரும் தரவு என எளிதில் துண்டாக்க இயலாத பணிகளுக்கு இதுவே வழி. இதில் ஒரு நெறியைக் கடைப்பிடிக்க வேண்டும்: சாளரத்தைத் தொடும் உரிமை மடக்கு இயங்கும் முதன்மை இழைக்கே உண்டு. தொகுக்கும் இழை தன் விடைகளை ஒரு வரிசையில் வைத்துச் செல்ல, முதன்மை இழை 100 மில்லிநொடிக்கு ஒருமுறை அவ்வரிசையைப் பார்த்துத் திரையைப் புதுப்பிக்க வேண்டும். இந்நெறியை மீறிய நிரல் சில கணினிகளில் இயங்கிச் சிலவற்றில் இடையிடையே முறியும் என்பதால், பிழையைத் தேடிப் பிடிப்பது கடினம். முதற்பருவ மாணவர்க்கு முதல் தீர்வே போதும்.

6. நிலையைக் காத்தல்

வரிசைமுறை நிரலில், நிரல் எவ்வரியில் நிற்கிறது என்பதே அதன் நினைவாகும். மூன்றாம் கேள்வியைக் கேட்கும் வரியில் நின்றால் முதலிரண்டு விடைகளும் வந்துவிட்டன என்பது தானே பெறப்படும். நிகழ்வுவழி நிரலில் இவ்வசதி இல்லை. ஒவ்வொரு கையாளியும் புதிதாகத் தொடங்கி முடிகிறது. அதன் உள்மாறிகள் அதனோடு மறைகின்றன. ஆகவே கோப்புறை தேர்ந்தெடுக்கப்பட்டதா, தொகுப்பு நடந்துகொண்டிருக்கிறதா, எத்தனையாவது கோப்பு ஆகியவற்றைக் கையாளிகளுக்கு வெளியே ஓரிடத்தில் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும். மாணவர்க்கு வகுப்பு, பொருள் ஆகிய கருத்துகளின் தேவை உண்மையில் விளங்கும் இடமும் இதுவே.

நிலையை எழுதிவைத்தால் அதைத் திரையிலும் காட்டலாம். கோப்புறை தேர்ந்தெடுக்கப்படாதவரை ‘தொகு’ பொத்தானை மங்கச் செய்து வைத்தால், பயனர் முறைமாறி அழுத்த வழியில்லை. தொகுப்பு நடக்கும்போதும் அவ்வாறே மங்கச் செய்தால் இரட்டை எண்ணிக்கைக்கும் இடமில்லை. பயனர் நடுவில் சாளரத்தை மூடினால், ஆஃப்டர் வழியாகக் காத்திருக்கும் அழைப்பை முதலில் நீக்க வேண்டும். இல்லையெனில் மறைந்துபோன பரப்பில் எழுத முயன்று நிரல் பிழை காட்டும்.

7. விசையும் எழுத்தும்

செயலியின் ஒரு மூலையில், பயனர் தட்டச்சு செய்யச் செய்ய எழுத்து எண்ணிக்கை மாறிக்கொண்டே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலப் பாடநூல்கள் இதற்கு விசை நிகழ்வைப் பிணைக்கச் சொல்லும்: ஒரு விசை அழுந்தினால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுக. தமிழில் இது முதற்சொல்லிலேயே தோற்றுப்போகிறது.

தமிழ் 99 விசைப்பலகையில் ‘அம்மா’ என்பதைத் தட்டச்சு செய்ய அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். ஒரே மெய்வரிசை விசை அடுத்தடுத்து அழுந்தும்போது முதலாவதற்குப் புள்ளி தானே அமைகிறது. நினைவகத்தில் சேர்வன ஒருங்குறியின் ஐந்து குறியெண்கள்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். இலக்கணப்படி எழுத்துகள் மூன்று: அ, ம், மா. விசை நான்கு, குறியெண் ஐந்து, எழுத்து மூன்று. பைத்தானின் நீளங்காணும் செயற்கூறு தருவது ஐந்து என்னும் விடையையே. விசை வேறு, எழுத்து வேறு என்னும் பிரிவு தொடக்ககால விண்டோசின் டிரான்ஸ்லேட்மெசேஜிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபடுவதால் பாடநூல்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. தமிழ் மாணவர் அதை முதல் நாளே காண்கிறார். இது கற்பிப்போர்க்குக் கிடைத்த வாய்ப்பு எனலாம்.

விசையை எண்ணாமல், நிகழ்வு வந்ததும் பெட்டியின் உரையை முழுவதும் படித்து எண்ணினாலும் ஒரு சிக்கல் எஞ்சும்: எண்ணிக்கை எப்போதும் ஓர் அழுத்தம் பின்தங்கியே நிற்கும். டிகேயில் ஒரு பெட்டிக்கு நாம் பிணைத்த கையாளி முதலில் அழைக்கப்படுகிறது. உரையைப் பெட்டியில் சேர்க்கும் கையாளி, அப்பெட்டி வகைக்கே பொதுவானது, அதன் பின்னரே அழைக்கப்படுகிறது. நாம் படிக்கும்போது புதிய எழுத்து இன்னும் வந்து சேரவில்லை. விசை விடுபடும் நிகழ்வைப் பிணைத்தால் இக்குறை நீங்கும். எனினும் சுட்டியால் ஒட்டப்படும் உரைக்கு விசையே இல்லை. ஆகவே விசையை விட்டுவிட்டு, உரை மாறியது என்பதையே நிகழ்வாகக் கொள்வது தக்கது. ஒற்றைவரிப் பெட்டிக்கு ஸ்ட்ரிங்வார் என்னும் மாறியைக் கண்காணிக்கலாம். பலவரிப் பரப்புக்கு மாற்றத்தை அறிவிக்கும் மெய்ந்நிகர் நிகழ்வு ஒன்று டிகேயிலேயே உள்ளது. எழுத்தை எண்ணும்போது புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்து எண்ணாமல் முன்னுள்ள எழுத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

8. வகுப்பறை வரிசை

மேற்கூறியவற்றைக் கருதி, பாடத்தைக் கரும்பலகையிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் பகுதியில் காட்டிய மடக்கை எழுதி, சாளரம் ஏதுமின்றி, ஒரு பட்டியலில் உள்ள நிகழ்வுப் பெயர்களை எடுத்து உரிய செயற்கூறுகளை அழைக்கும் இருபது வரி நிரலை மாணவரே பைத்தானில் எழுதட்டும். அதில் ஒரு கையாளியை மட்டும் 10 நொடி உறங்கச் செய்து, பின்னால் நிற்கும் நிகழ்வுகள் காத்திருப்பதை அவர்கள் கண்ணால் காணட்டும். இதற்கு ஒரு வகுப்பு நேரம் போதும். அடுத்த வகுப்பில் டிகின்டரின் பொத்தான் வரும்போது, பெயரை ஒப்படைத்தல் என்பது முன்பே அறிந்த செயலாக இருக்கும்.

தேர்வு வினாவும் மாற வேண்டும். ‘ஒரு கணக்கி உருவாக்குக’ என்னும் வழக்கமான வினா, மனப்பாடம் செய்த வரிகளால் விடையளிக்கத் தக்கது. அதன் கையாளிகள் யாவும் நொடியில் முடிவன என்பதால் மடக்கைப் பற்றிய அறிவை அது சோதிப்பதே இல்லை. மாறாக, ஆயிரம் கோப்புகளில் உறையும் ஒரு சொல்லடைவு நிரலைக் கொடுத்து, உறைவதற்குக் காரணமான வரியைச் சுட்டச் செய்து, ‘நிறுத்து’ பொத்தான் வேலை செய்யுமாறு அதைத் திருத்தி எழுதச் சொல்லலாம்.